கிளிஞ்சலில் பூத்த வெள்ளைத் தூள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் கோவளம் கடற்கரையில் இரண்டு நாள் தங்க இருக்கிறோம். கிளிஞ்சல் பொறுக்க ஏற்ற நேரம் எது? சென்ற ஆண்டு பெசன்ட் நகரில் பொறுக்கி, கழுவி, மரப்பெட்டியில் வைத்தவற்றின் மேல் வெள்ளைத் தூள் பூத்துவிட்டது. சரியாகக் கழுவவில்லையோ?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: கழுவியதைக் குறை சொல்ல மாட்டேன், என் சந்தேகம் அந்த மரப்பெட்டியின் மேல்தான். மரமும் அட்டையும் சிறிது சிறிதாக அசெடிக் அமில ஆவியை வெளியிடுகின்றன; மூடிய பெட்டிக்குள் அது தேங்கிவிடும். கிளிஞ்சல் ஓடு பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்பதால், சென்னையின் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ளும்போது மேற்பரப்பு அரிக்கப்பட்டு வெள்ளை உப்பாகப் பூக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை ஆராய்ந்த பைன் என்ற ஆங்கிலேயர் கிருமிகளின் வேலை என்று எண்ணிவிட்டார். கிருமி இல்லையென்று தெரிந்த பிறகும் ‘பைன் நோய்’ என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இம்முறை நல்ல தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவைத்து, ஈரம் முற்றிலும் போக நிழலில் உலர்த்தி, கண்ணாடி ஜாடியில் வையுங்கள். பளபளப்புக்காக வினிகரோ எலுமிச்சைச் சாறோ தேய்ப்பவர்கள் அரிக்கும் அமிலத்தைத் தாங்களே ஊற்றுகிறார்கள்.

நாளுக்கு இருமுறை கடல் வற்றுகிறது. அந்த நேரம் அன்றாடம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூடுதலாக வற்றுவதால், விடியற்காலை வற்றம் அமையும் நாளாகப் பார்த்துச் சென்றால் வெயிலுக்கும் தப்பலாம். அலை ஒதுக்கிய குப்பை வரிசையை ஒட்டியே நடங்கள். சங்கை எடுத்ததும் வாயைப் பாருங்கள்: உள்ளே துறவி நண்டு குடியிருந்தால், அதற்கு வேறு வீடு கிடைப்பது எளிதன்று, அங்கேயே விட்டுவிடுங்கள். கூம்பு வடிவச் சங்குகளைப் பிள்ளைகள் தொட வேண்டாம். உயிருள்ள கூம்புச் சங்கு நச்சு முள்ளால் கொட்டும். கடையில் பவளம் விற்றால் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

கேள்வி: சில கிளிஞ்சல்களில் துளைப்பான் வைத்துப் போட்டதுபோல் வட்டமாக ஓட்டை இருக்கிறதே, யார் போட்டது?
– ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: மணலுக்குள் ஊர்ந்து மட்டிகளைத் தேடும் ஒருவகை நத்தை. மட்டியின் ஓட்டின் மேல் அமிலம் சுரந்து அதை இளக்கி, அரம் போன்ற நாக்கால் பொறுமையாகச் சுரண்டித் துளைத்து, உள்ளே இருக்கும் சதையை உண்டுவிடும். துளையின் வெளிவாய் அகன்றும் உள்வாய் குறுகியும் இருந்தால் அதன் கைவரிசைதான். மாலை கோக்க ஊசி தேட வேண்டியதில்லை என்று என் வீட்டுக் குழந்தைகள் அவற்றையே முதலில் பொறுக்குவார்கள்.