மாங்கொட்டை ஓடு நிக்கலைப் பிடிக்குமா? கேள்வி பதில்

ஓசூர் பக்கம் ஆலைக் கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை பார்த்தவன் என்பதால், "விவசாயக் கழிவை வைத்தே கன உலோகத்தை எடுத்துவிடலாமாமே?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை ஊழியர்: சீசன் வந்தால் கொட்டையும் தோலும் மலையாகக் குவிகிறது சார். இதில் உலோகம் எப்படி ஒட்டும்?

தாவர நாரில் செல்லுலோஸ், லிக்னின், பெக்டின் எல்லாம் இருக்கின்றன. அவற்றிலுள்ள கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள்தான் வேலை செய்பவை. கார்பாக்சில் தண்ணீரில் எதிர்மின்சுமை பெறும். காரீயம், நிக்கல், காப்பர் அயனிகள் நேர்மின்சுமை கொண்டவை. ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும் கால்சியத்தையும் ஹைட்ரஜனையும் கிளப்பிவிட்டு இவை உட்கார்ந்துகொள்ளும். பள்ளிப் பாடத்தில் படித்த பரப்பு கவர்தலும் அயனிப் பரிமாற்றமும் சேர்ந்து நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கொட்டையை அப்படியே போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பருப்பில் மாவும் கொழுப்பும் உண்டு. தண்ணீரில் கிடந்தால் நாறிப்போகும். பருப்பைத் தனியாகப் பிரித்து விற்கப் பாருங்கள். அதன் கொழுப்பு சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்கு மாற்றாகப் போகிற சரக்கு. நமக்கு வேண்டியது மேல் ஓடு மட்டும். காயவைத்து, அரைத்து, சலித்து, சாயம் இறங்குவது நிற்கும்வரை வெந்நீரில் அலசுங்கள். தோலில் பெக்டின் அதிகம் என்பதால் பிடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் ஊறினால் கொழகொழத்துக் குழாயை அடைத்துவிடும்.

ஓசூர், பிளேட்டிங் (உலோகப் பூச்சு) பட்டறை உரிமையாளர்: நிக்கலும் குரோமும் போடுகிறோம். ரசாயனச் செலவு தாங்கவில்லை. ஓட்டுத்தூளைத் தொட்டியில் கொட்டினால் போதுமா?

போதாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கழுவும் தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் நிக்கல் என்றால், 1000 லிட்டரில் 100 கிராம். ஆய்வுக்கூடத்தில் வரும் பெரிய எண்களை விடுங்கள். அது காய்ச்சி வடித்த நீரில், ஒரே ஒரு உலோகத்தை மட்டும் வைத்துச் செய்தது. உங்கள் தண்ணீரில் கால்சியமும் இருக்கும், பளபளப்புக்குச் சேர்க்கும் ரசாயனமும் இருக்கும். ஒரு கிராம் தூள் 5 மில்லிகிராம் நிக்கல் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1000 லிட்டருக்கு 20 கிலோ தூள் வேண்டும். நாளுக்கு 10,000 லிட்டர் ஓடினால் 200 கிலோ. அதை எங்கே காயவைப்பீர்கள், எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?

அதனால் முதல் வேலையைச் சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ செய்யட்டும். பி.எச். (அமில-கார அளவு) 9, 10க்குப் போனால் நிக்கலில் பெரும்பகுதி ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். கசடைப் பிரித்தபின் லிட்டருக்கு 5 மில்லிகிராம் மிச்சம் என்றால், அதே 1000 லிட்டருக்கு ஒரு கிலோ தூள் போதும். ஓடையிலோ ஆற்றிலோ விட நிக்கலுக்கு வரம்பு 3 மில்லிகிராம். அந்தக் கடைசிக் கொசுறை எடுக்கத்தான் ஓட்டுத்தூள் லாயக்கு. அங்கே போகுமுன் பி.எச்.சை 6 பக்கம் இறக்க மறக்காதீர்கள்.

குரோம் கதை வேறு. ஆறு இணைதிறன் குரோமியம் குரோமேட்டாக, எதிர்மின்சுமையோடு சுற்றுகிறது. பி.எச். 6ல் நம் தூள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. பி.எச். 2 அளவில் பிடிக்கும், அதிலும் ஒரு பகுதியை மூன்று இணைதிறனுக்கு மாற்றி மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடும். மெட்டாபைசல்பைட் என்ற ரசாயனத்தைப் போட்டு பி.எச். 2-3ல் மூன்று இணைதிறனுக்கு மாற்றி, அப்புறம் சுண்ணாம்பில் 8.5 வரை ஏற்றிப் படியவைக்கும் பழைய வழியை விடாதீர்கள். ஆறு இணைதிறனுக்கு வரம்பு வெறும் 0.1 மில்லிகிராம்.

இன்னொன்று. பட்டறையில் சயனைடு தொட்டி ஏதாவது இருந்தால் அந்தத் தண்ணீரைத் தனிக் குழாயில் வையுங்கள். குரோமுக்கென்று அமிலம் விடும் தொட்டியில் அது கலந்தால் வரும் வாயு ஆளைக் கொல்லும்.

பர்கூர், கல்லூரி மாணவி: புளியம்பழ ஓட்டுத்தூளில் பி.எச். 8ல் 98 சதவீதம் காரீயம் நீங்கியது. இதை புராஜெக்டில் எழுதலாமா சார்?

கொஞ்சம் பொறுங்கள். பி.எச். 8ல் காரீயம் தானாகவே படிய ஆரம்பிக்கும். தூள் போடாமல் அதே பி.எச்.சில் ஒரு குடுவையை வைத்துப் பாருங்கள். அதிலும் பாதிக்கு மேல் காணாமல் போனால் அந்தப் பெருமை புளிக்குச் சேராது. 5, 5.5ல் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்தது அந்த 98. தொடக்கத்தில் 50 மில்லிகிராம் இருந்தால் மீதி 1 மில்லிகிராம். வரம்போ 0.1. பத்து மடங்கு மேலே நிற்கிறீர்கள். சதவீதத்தை முன்பக்கத்தில் போடுவதைவிட, கடைசியில் லிட்டருக்கு எவ்வளவு மிஞ்சியது என்று எழுதுங்கள். இந்தத் துறையில் எனக்குப் பெரிய எரிச்சலே இந்தச் சதவீத மோகம்தான். புளி ஓட்டில் டானின் என்ற சாயச் சத்து நிறைய. தண்ணீர் காபி நிறத்துக்கு வரும், சி.ஓ.டி. (தண்ணீரில் கலந்த கரிமக் கழிவைக் காட்டும் அளவு) ஏறும். அதையும் முன்னும் பின்னும் அளந்து போடுங்கள். சோதித்த காரீயக் கரைசலைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றாமல் சேர்த்து வையுங்கள்.

பென்னாகரம், இல்லத்தரசி: எங்கள் போர்த் தண்ணீரால் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை. தூள் போட்டு வடிகட்டலாமா?

வேண்டாம்மா. அது ஃபுளோரைடு, கன உலோகமே கிடையாது, எதிர்மின்சுமை வேறு. கொதிக்கவைத்தாலும் போகாது, செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5க்கு மேல் கூடாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள். அந்தத் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அது வராத இடத்தில் ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி உதவும்.

கெலவரப்பள்ளி அணைப் பக்கம், விவசாயி: தென்பெண்ணையில் நுரை வருகிறதே, வாய்க்காலில் உமி மூட்டை கட்டிவிட்டால்?

நுரை சோப்பும் சாக்கடையும் செய்கிற வேலை ஐயா. உமி அதற்கு ஆகாது. மூட்டை அழுகினால் இன்னொரு தொல்லை.

பாலக்கோடு, வெல்லம் காய்ச்சுபவர்: உலோகம் பிடித்த தூளை எங்கள் அடுப்பில் எரித்துவிட்டால் தீர்ந்ததே? இல்லை, தென்னைக்குப் போடலாமா?

இரண்டுமே கூடாது. எரித்தால் காட்மியமும் காரீயமும் கொஞ்சம் புகையில் போகும், மீதி சாம்பலில் தங்கும். மரத்தடியில் போட்டால், தண்ணீரிலிருந்து சிரமப்பட்டு எடுத்ததை மண்ணில் கொட்டியதாகும்.

முறை இதுதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 0.1 நார்மல் போதும், தூளைக் கழுவினால் பிடித்த உலோகத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். அந்த அமிலநீர் திரும்பச் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போக வேண்டும். சில சுற்றுக்குப் பிறகு தூளின் பிடிப்பு குறையும். அப்போது அது மத்திய அரசின் 2016 அபாயக் கழிவு விதிகளுக்குள் வரும். கசடோடு சேர்த்து கும்மிடிப்பூண்டி மாதிரி அங்கீகாரம் பெற்ற கிடங்குக்கு அனுப்ப வேண்டும். "செலவே இல்லாத முறை" என்று சொல்பவர்கள் இந்த லாரி வாடகையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அதே ஓசூர் நண்பர்: சரி, சின்னதாக ஆரம்பித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு பி.வி.சி. குழாயில் அலசிய மாங்கொட்டை ஓட்டுத்தூள் ஒரு கிலோ நிரப்புங்கள். மாவு போல நைசாக வேண்டாம், ரவைப் பதத்தில் இருக்கட்டும். சுண்ணாம்புத் தொட்டி தாண்டி, பி.எச். இறக்கிய உங்கள் சொந்தத் தண்ணீரை அடியிலிருந்து மேலாக மெதுவாக விடுங்கள். மணிக்கொரு மாதிரி எடுத்து நிக்கல் பாருங்கள். 2 மில்லிகிராமைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, அதுவரை எத்தனை லிட்டர் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு வாருங்கள், எத்தனை குழாய் வேண்டும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.