வசனம் அமுங்குது, வெடி அதிருது: இரண்டாம் பாகத்துக்கு முன் டிவியைச் சரிசெய்ய

ஒரு ஆக்‌ஷன் படத்தின் இரண்டாம் பாகம் வருவதற்குள் முதல் பாகத்தை வீட்டு டிவியில் திரும்பப் பார்க்க உட்கார்ந்தால் வசனம் முணுமுணுப்பாகவும் வெடிச்சத்தம் காதைப் பிளப்பதாகவும் இருக்கிறது, சண்டைகள் வேறு சீரியல் மாதிரி தெரிகின்றன என்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என ஆறாகப் பிரிந்த ஒலி) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். பெரும்பாலான டிவிகளில் இருப்பதோ இடம், வலம் ஸ்பீக்கர்கள் மட்டும். எல்லாம் அதிலேயே குவிவதால் வசனம் அமுங்கிவிடுகிறது. முதலில் ஆடியோ டிராக்கை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். அது இல்லையென்றால் உரத்த சத்தத்துக்கும் மெல்லிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் நைட் மோட் போடுங்கள். ஹோம் தியேட்டர் என்றால் நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் ஏற்றினால் போதும். மொத்த வால்யூமை ஏற்றவே வேண்டாம், அடுத்த வெடிக்கு ரிமோட்டைத் தேடுவீர்கள்.

சீரியல் தோற்றத்துக்குக் காரணம் மோஷன் ஸ்மூத்திங். படம் நொடிக்கு 24 பிரேம். டிவி இடையில் தானாகப் பிரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. கார் பல்டியடிக்கும் ஷாட்டில் சக்கரத்தின் ஓரத்தைக் கவனியுங்கள், பிசிறடித்து நெளியும். இந்த மாதிரி ஆக்‌ஷன் படங்களுக்கு, வேகமான அசைவில் வரும் அந்த 24 பிரேம் மங்கல் ரொம்ப முக்கியம். கிராஃபிக்ஸை நம்ப வைப்பதில் அதற்கும் பங்குண்டு! ஃபிலிம்மேக்கர் மோட் (படத்தை எடுத்தபடியே காட்டும் அமைப்பு) இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையேல் ஸ்மூத்திங்கை அணையுங்கள். பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனித்தனியாக அணைக்க வேண்டும்.

படம் முடியும்போதே அடுத்ததைத் தானாக ஓட்டும் ஆட்டோபிளேயையும் நிறுத்திவிடுங்கள். பெயர்ப்பட்டியலுக்குப் பிறகு காட்சி இருந்தால், அடுத்த பாகத்துக்கான முடிச்சு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.