ஏரி வண்டலில் மனிதச் சுவடு

கேள்வி: ஏரியின் அடியில் வண்டல் சேர்வது இயற்கைதானே? அதில் மனிதர்களால் வந்த மாற்றத்தை எப்படிப் பிரித்தறிகிறார்கள்? கழிவு கலப்பதை நிறுத்திவிட்டால் வண்டல் தானாகச் சீராகிவிடுமா?

பதில்: வண்டல் படிவது இயற்கைதான், ஆனால் அது எவ்வளவு வேகமாகப் படிகிறது, அதில் என்னென்ன கலந்திருக்கின்றன என்பவற்றைக் கரையில் வாழும் மனிதர்களும் தீர்மானிக்கிறார்கள். காட்டை அழித்து நிலத்தை உழும்போது, வேர்ப்பிடிப்பை இழந்த மேல்மண் மழைநீரோடு வந்து சேர்வதால் படிவு தடிக்கிறது. அதே அடுக்கில் மரங்களின் மகரந்தம் குறைந்து, பயிர்களின் மகரந்தமும் களைகளின் மகரந்தமும் கூடுகின்றன.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள கிராஃபோர்ட் ஏரி இதற்குச் சிறந்த சான்று. சிறிய பரப்பும் பெரிய ஆழமும் கொண்ட அந்த ஏரியில் அடிநீர் மேல்நீருடன் கலப்பதில்லை என்பதால், கோடையில் படியும் வெளிர்நிறச் சுண்ணாம்புப் படலமும் அதன்மேல் படியும் கரிய மட்கும் கலையாமல், ஆண்டுக்கு ஓர் இணையாக அடுக்கி நிற்கின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன் கரையில் குடியிருந்த பூர்வகுடியினர் பயிரிட்ட மக்காச்சோளத்தின் மகரந்தம் கீழ் அடுக்குகளிலும், நிலக்கரி எரிந்த நுண்சாம்பலும் அணுகுண்டுச் சோதனைகளின் புளுட்டோனியமும் மேல் அடுக்குகளிலும் கிடைத்துள்ளன.

இப்படி ஆண்டுவரிகள் இல்லாத ஏரிகளில் கதிரியக்கமே காலத்தைச் சொல்கிறது. அணுகுண்டு வெடிப்பில் உருவாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 உச்சத்தைத் தொடும் அடுக்கு, அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் துகள்கள் மிகுதியாகப் படிந்த 1963-ஐ ஒட்டியது. சுமார் 22 ஆண்டு அரை ஆயுள் (அளவு சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலம்) கொண்ட கதிரியக்க ஈயமான ஈயம்-210 கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளைக் கணக்கிட உதவுகிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகுதான் மாசு தொடங்கியது என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்வீடன் ஏரிகளின் வண்டலில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் காலத்து உலோக உருக்கலில் எழுந்து காற்றில் வந்த ஈயமும் பதிவாகியிருக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. கழிவுநீரிலும் உரத்திலும் வந்த பாஸ்பரஸ், ஆக்சிஜன் உள்ளவரை இரும்போடு பிணைந்து வண்டலில் தங்கும். பாசி பெருகி, மடிந்து, அழுகி அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தப் பிணைப்பு விடுபட்டு, பாஸ்பரஸ் மீண்டும் நீரில் கலந்து அடுத்த பாசிப் பெருக்கத்துக்கு உணவாகிறது. ஸ்வீடனின் ட்ரும்மன் ஏரியில் 1950களின் இறுதியிலேயே கழிவைத் திருப்பிவிட்டும் நிலைமை தேறவில்லை. 1970, 1971 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மீட்டர் வண்டலை அகற்றிய பிறகே ஏரி மீண்டது.

ஆகவே, நீரை மட்டும் பரிசோதித்துவிட்டு ஏரிச் சீரமைப்பைத் திட்டமிடுவது போதாது என்பதே என் உறுதியான கருத்து. எல்லா ஏரியையும் தூர்வாரிவிடலாம் என்பதும் சரியல்ல. புதைந்து கிடக்கும் ஈயமும் பாதரசமும் கிளறப்பட்டு நீரில் பரவக்கூடும் என்பதால், குழாயை அடிவரை இறக்கி எடுத்த வண்டல் மாதிரியை அடுக்கடுக்காகப் பரிசோதித்த பின்னரே, எந்த ஆழம் வரை அகற்றுவது, அகற்றியதை எங்கே கொட்டுவது என்பதை முடிவு செய்ய வேண்டும்.