ஓணானுக்கு ஹீட்டர் வாங்கும் முன் அறையைப் பாருங்கள்

கேள்வி: மகனுக்கு பியர்டட் டிராகன் குட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். கடையில் "செட்" என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். 2 அடிக் கண்ணாடித் தொட்டி, அடியில் ஒட்டும் ஹீட் மேட், ஒரு சிவப்பு பல்பு, முள் காட்டும் இரண்டு மீட்டர், ஒரு பை கால்சியம் மணல். எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய். வாங்கலாமா? வீடு வேளச்சேரியில், மூன்றாவது மாடி. எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான்.

பதில்: வேண்டாம். பெரும்பாலும் அது குளிர்நாட்டு வீட்டை மனதில் வைத்துச் சேர்த்த சாமான், அதுவும் அரைகுறை. உங்கள் மகன் கேட்பது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துப் பிராணி. நம் வேலி ஓணானுக்குச் சொந்தம்தான், ஒரே குடும்பம். வெயிலில் உடம்பைக் காய வைத்துக்கொள்ளும், சூடு போதும் என்றால் நிழலுக்கு ஓடிவிடும். எனவே பெட்டி முழுக்க ஒரே வெப்பநிலை இருந்தால் அதற்குப் பிரயோஜனமில்லை. ஒரு கோடியில் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரை இருக்க வேண்டும், மறுகோடியில் 25, 26 டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் அதுவே இடம் தேடிக்கொள்ளும். 2 அடித் தொட்டியில் இவ்வளவு வித்தியாசம் கொண்டுவரவே முடியாது. வளர்ந்ததும் வால் நுனிவரை ஒன்றரை அடியைத் தாண்டும் பிராணி இது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பதுதான் குறைந்தபட்ச அளவு. "இப்போ சின்னது, அப்புறம் பெரியது" என்று கடையில் சொன்னால், ஒரே பிராணிக்கு இரண்டு பெட்டி விற்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

சென்னையில் சூடு ஏற்றுவது பெரிய விஷயமே இல்லை, 50 வாட் ஹாலஜன் பல்பு போதும். குளிர்ந்த கோடிதான் பாடு. பெட்டியின் எந்த மூலையும் அறையைவிடக் குளிராக இருக்க முடியாது. மே மாதம், மொட்டை மாடிக்குக் கீழ் அறை, பகல் முழுக்க வெயில் குடித்த தளம் ராத்திரியும் அனல் விடும். அறையே 34 டிகிரி என்றால் ஓணான் ஓடி ஒளிய இடமே கிடையாது. அதனால் பெட்டிக்கு முன்னால் அறையை முடிவு செய்யுங்கள். மேற்குச் சுவர் வேண்டாம், கோடையில் பகலில் ஏசி ஓடும் அறை நல்லது. ஏசி ஈரப்பதத்தையும் குறைக்கும். இதற்கு 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் ஏற்றது, சென்னைக் காற்றில் அது தானாக வராது. ஏர் கூலரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஈரத்தைத்தான் ஊதும். சீலிங் ஃபேன் நமக்கு வியர்வையைக் காயவைத்துக் குளிர்ச்சி தருகிறது. வியர்க்காத பிராணிக்கு அதனால் பெரிய லாபமில்லை.

பெட்டியைத் தச்சரிடமே சொல்லிச் செய்யுங்கள். நல்ல பிளைவுட், முன்பக்கம் நகரும் கண்ணாடி. குளிர்ந்த கோடியில் கீழே ஒரு காற்றுத் திறப்பு, சூடான கோடியில் மேலே ஒன்று, இரண்டுக்கும் ஸ்டீல் வலை. சூடான காற்று மேலே வெளியேற, கீழே புதுக்காற்று தானாக உள்ளே வரும். பல்புக்குப் பிளாஸ்டிக் ஹோல்டர் கூடாது, பீங்கான் ஹோல்டர், சுற்றிலும் கம்பிக் கூடு. வார்னிஷ் வாடை முழுக்கப் போன பிறகுதான் பிராணியை விட வேண்டும். பல்புக்குக் கீழே கடப்பா கல் துண்டு ஒன்று போடுங்கள், சொரசொரப்பான பக்கம் மேலே. சமையல் மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய துண்டு கல் கடையில் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். கறுப்பாக இருப்பதால் சட்டென்று சூடேறும், நகமும் தானாகத் தேயும். கால்சியம் மணலை ஓணான் தின்று குடலை அடைத்துக்கொள்ளும், தரைக்கு டைல் ஓடு போட்டால் போதும். ஹீட் மேட், சூடாகும் செயற்கைப் பாறை, இரண்டுமே வயிற்றைச் சுடக்கூடியவை. இதற்குச் சூடு மேலிருந்துதான் வர வேண்டும். சிவப்பு பல்பும் தேவையில்லை, ராத்திரி இருட்டு வேண்டும்.

மிச்சப்படுத்தும் பணத்தில், சூட்டைப் பார்த்துத் தானாக பல்பைப் போட்டு அணைக்கும் கண்ட்ரோலர் ஒன்று வாங்குங்கள். நாட்டுக்கோழி முட்டை பொரிக்க இன்குபேட்டர் செய்கிறவர்கள் வாங்குவார்களே, எஸ்டிசி-1000, அதுவே போதும், ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். அதில் சூட்டுக்கு ஒரு ரிலே, அதாவது தானியங்கி சுவிட்ச், குளிர்ச்சிக்கு ஒரு ரிலே. குளிர்நாட்டில் சென்சாரை பல்புப் பக்கம் வைப்பார்கள், நீங்கள் குளிர்ந்த கோடியில் வையுங்கள். அங்கே 25, 26தான் நல்லது, 31 என்பது உச்ச வரம்பு. 31 டிகிரி, வித்தியாசம் 1 என்று வைத்தால், அந்தக் கோடி 31 தொட்டதும் பல்பு அணையும், 32 ஆனதும் மேல் திறப்பில் மாட்டிய சின்ன ஃபேன் சுற்றும். அந்த ஃபேன் அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும், அதைவிடக் குளிராக்காது. கோடையில் 35 வாட் பல்புக்கு மாறிவிடுங்கள். வயரிங் எலக்ட்ரீஷியன் வேலை, 230 வோல்ட்.

முள் மீட்டரை நம்பாதீர்கள். கல்லின் சூட்டை அளக்க, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி வேண்டும். கொரோனா காலத்து நெற்றி தெர்மாமீட்டர் மனித உடம்புக்கு ஏற்றபடி கணக்குப் போட்டுக் காட்டுவது, அது ஆகாது. பல்புக்குக் கீழே வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், சூட்டை வெளியே விடுகிறது. குளிர்ந்த கோடியில் போய் வாயைத் திறந்தால்தான் அறை தாங்கவில்லை என்று அர்த்தம்.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடலாம். 50 வாட் பல்பும், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யூவிபியைத் தரும் 24 வாட் டியூபும் தினம் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதக் கணக்கில் 53 யூனிட். ஏசி தனி. பில்லை ஏற்றப்போவது அதுதான். அதற்கு மனசில்லை என்றால், மகனிடம் வேறு பிராணி பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் "யூவிஏ + யூவிபி" என்று போட்ட திருகு பல்பு வாங்கினேன். நண்பர் 500 ரூபாய் நோட்டை அதன் கீழே காட்டி, இழை ஒளிர்கிறது, அசல்தான் என்றார். மூன்று மாதத்தில் ஓணானின் தாடை மெத்தென்று ஆகிவிட்டது, கால் நடுங்குகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? கோவையில் இருக்கிறேன்.

பதில்: பணம் அப்புறம். முதலில் ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் இன்றைக்கே போங்கள். நீங்கள் சொல்வது எலும்பு நோயின் அறிகுறி. யூவிபி இல்லாவிட்டால் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் ஒட்டாது.

நோட்டு ஒளிர யூவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிர் போதும், கள்ளநோட்டு பார்க்கும் விளக்கும் அதைச் செய்யும். யூவிபி இருக்கிறதா என்று அது சொல்லாது. அசல் என்றாலும் இந்தத் திருகு பல்புகளின் வீச்சு சிறியது, நடுவில் நெருக்கமான வலை இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடப் போய்விடும். கண்ணாடி வழியாக யூவிபி கிட்டத்தட்ட வராது, ஜன்னல் வெயிலும் அப்படித்தான். டி5 எச்ஓ (மெலிந்த, அதிக ஒளி தரும்) வகை நீள டியூப், பெட்டி நீளத்தில் பாதிக்குக் குறையாமல் வாங்குங்கள். வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும்போதே யூவிபி தேய்ந்துவிடும் என்பதால் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். டியூப் வரும்வரை காலை வெயில் இலவசம். வலைக் கூண்டு, பாதி நிழல், பக்கத்தில் ஆள். காக்காவும் பூனையும் காத்திருக்கும். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள், சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

பணத்துக்கு வருவோம். அட்டைப்பெட்டி இருக்கிறதா? இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதுவே விதிமீறல். 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மருத்துவரின் எழுத்துச் சான்றும் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும். பக்கம் எப்போது வேண்டுமானாலும் மாறிவிடும், இன்றே எடுத்து வையுங்கள். பல்பின் விலை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வைத்தியச் செலவையும் வாங்க, பல்பில் யூவிபி இல்லை என்பதை யூவி இண்டெக்ஸ் மீட்டர் வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கும். அந்த மீட்டர் விலை அதிகம், வளர்ப்பவர்கள் யாரிடமாவது இரவல் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நட்சத்திர ஆமை ஒன்று மலிவாக வருகிறது. அதற்கு என்ன பெட்டி, எத்தனை வாட் பல்பு?

பதில்: பெட்டி வேண்டாம், ஆமையும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி அது, வாங்குவதும் குற்றம், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வீட்டுக்கு யோகம் என்று சொல்லி விற்பார்கள், வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். இகுவானா என்ற பெரிய பல்லி, பால் பைத்தான் (Ball Python) என்ற மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டுப் பிராணிகளையும் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். விற்பவரிடம் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். ஆமை விற்கிறவரைப் பற்றி வனத்துறைக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.