காட்டுயிர்ப் புகைப்படம் எடுப்பவருக்கு அறிவியல் சிந்தனை எதற்கு? அது ரசனையைக் கெடுத்துவிடாதா?

பல வருடமாகக் கேமராவோடு அலைபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரசனையைக் கெடுக்காது. படக்குறிப்பு எழுதுவதை மட்டும் கஷ்டமாக்கிவிடும்.

ஷட்டர் திறந்து மூடும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பதிவாவது ஓர் உருவமும் கொஞ்சம் வெளிச்சமும்தான். 'குட்டியைக் கொஞ்சும் தாய்', 'கோபத்தில் யானை' என்றெல்லாம் கீழே எழுதுகிறோமே, அந்தக் கொஞ்சலும் கோபமும் பெரும்பாலும் நம் கைச்சரக்கு. சில நேரம் சரியாகவே இருக்கலாம். ஆனால் படம் அதற்குச் சாட்சி இல்லை.

நீர்க்காகத்தை எடுத்துக்கொள்வோம். முங்கி மீன் பிடித்துவிட்டுப் பாறையில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு நிற்கும். எல்லோரிடமும் அந்தப் படம் இருக்கும்; எல்லோரும் 'சிறகு உலர்த்துகிறது' என்றுதான் எழுதுவோம். வெயில் காய்கிறது என்றும் சொல்லலாம், விழுங்கிய மீன் செரிப்பதற்காக என்றும் சொல்லலாம். அந்த ஒரு படத்துக்கு மூன்றும் பொருந்தும். எது சரி என்று பிரித்தறிய வேறு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பறவை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது? வெயில் காய்வதென்றால் சூரியனுக்கு முதுகைக் காட்ட வேண்டும். உலர்த்துவதென்றால் காற்றுதான் முக்கியம். அதிக நேரம் நீரில் இருந்தது அதிக நேரம் விரித்து நிற்கிறதா? இப்படிக் கவனித்துப் பார்த்தவர்கள், நீர்க்காகத்துக்கு உலர்த்துவதே முக்கியக் காரணம் என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள்.

அப்போ நாம் எழுதியது சரிதானே என்பீர்கள். சரி, நீர்க்காகம் போலவே முங்கி மீன் பிடிக்கும் பாம்புத்தாராவின் அமெரிக்க உறவான அன்ஹிங்காவைப் பாருங்கள். அச்சு அசலாக அதே நிலையில் நிற்கும். ஆனால் அது சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கிறது. இறகு காய்ந்திருக்கும் போதும் குளிர்ந்த காலையில் விரிக்கிறது. அதற்கு வெயில்தான் வேண்டும். ஒரே தோற்றம், காரணம் வேறு. போதாததற்குக் கலாபகஸ் தீவுகளில் பறக்கவே முடியாத நீர்க்காகம் ஒன்று இருக்கிறது. அதுவும் நீந்திக் கரையேறியதும் தன் குட்டைச் சிறகுகளை விரித்து வைத்துக்கொள்கிறது! பறக்காத பறவை எதற்காக உலர்த்த வேண்டும் என்று யோசித்துக்கொண்டே அந்தப் படத்தை நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். ரசனை கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

இன்னொரு சங்கதி, நாம் எதைக் காட்டுகிறோம் என்பது. வேட்டைப் படங்களை மட்டும் பார்க்கிறவருக்குப் புலி பாய்ந்தால் மான் செத்தது என்றுதான் தோன்றும். உண்மையில் பெரும்பாலான பாய்ச்சல்கள் வீண்தான். அந்தப் படங்களை நாமே அழித்துவிடுகிறோம், அல்லது எடுப்பதே இல்லை. பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவதற்காக 2002-ல் தொடங்கிய ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியல் போடும்போது, 'அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா?' என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால்தான், பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவலாகிறது. அழகான படம் மட்டும் போடுகிற நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டிய கேள்வி.

பருவங்களுக்கு வருகிறேன். குளிர் குறைந்ததும் பறவை கூடு கட்டத் தயாராகிறது என்று நினைப்பது இயல்பு. 1920-களில் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர் இதைச் சோதித்தார். ஜன்கோ என்ற சிறு குருவிகளைக் கடுங்குளிரில் வெளிக்கூண்டில் வைத்து, மின்விளக்கு போட்டுப் பகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். நடுக்குளிர்காலத்திலேயே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தகாலத்தில் வளர்வது போல வளர்ந்தன. விளக்கில்லாத கூண்டில் இருந்தவற்றுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த இரண்டாவது கூண்டு இல்லாமல் முதல் கூண்டை வைத்து ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அறிவியல் சிந்தனை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் அந்தக் கூண்டைத்தான் காட்டுவேன்.

பகலின் நீளம் ஏமாற்றாத காலண்டர். வருடா வருடம் ஒரே தேதியில் ஒரே அளவு. ஆனால் பனியும் பூவும் புழுவும் வெப்பத்தைப் பார்த்து நடக்கின்றன, வெப்பமோ மாறிக்கொண்டிருக்கிறது. வட அமெரிக்காவின் ஸ்னோஷூ முயல் பகல் குறைவதை வைத்தே வெள்ளை ரோமத்துக்கு மாறுகிறது. பனி தாமதமானால், பழுப்புத் தரையில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும். புகைப்படக்காரருக்கு அருமையான காட்சி, அதைத் தின்ன வருகிற லின்க்ஸ் என்ற காட்டுப்பூனைக்கும்தான். நெதர்லாந்தின் ஹோகே வேலுவே காட்டில், பட்டாணிக்குருவிக் குஞ்சுகள் அதிகம் பசிக்கிற நாட்களுக்கு முன்பே ஓக் மரத்துப் புழுக்கள் பெருகி முடிந்துவிடுகின்றன என்று நீண்டகால ஆய்வு காட்டியது.

இதெல்லாம் தெரிய வந்தது யாரோ தேதி குறித்து வைத்ததால். ஜப்பானின் கியோத்தோவில் செர்ரி பூத்த நாட்கள் பற்றிய பதிவுகள் 9-ம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. பெரும்பாலும் பூ ரசிக்கப் போனவர்களின் நாட்குறிப்புகளிலிருந்து திரட்டியவை. அவர்கள் யாரும் பருவநிலை ஆய்வு செய்யவில்லை. 2021-ல் மார்ச் 26 அன்றே பூ உச்சத்தைத் தொட்டபோது, 1,200 ஆண்டுகளில் இது மிக முந்தைய தேதிகளில் ஒன்று என்று சொல்ல முடிந்தது அவர்களால்தான்.

நம் ஒவ்வொரு படத்திலும் தேதியும் நேரமும் தானாகவே பதிவாகின்றன. ஆகவே லென்ஸ் வாங்க ஆலோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பதைத்தான். பேட்டரி மாற்றிய பிறகும் வேறு நேர மண்டலத்துக்குப் போன பிறகும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மங்கலாக வந்த படமாக இருந்தாலும், அந்தப் பருவத்தின் முதல் வலசைப் பறவை என்றால் அழிக்காதீர்கள்.