வெள்ளைச் சட்டையை ஏன் டீயில் முக்குகிறார்கள்?

நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடை வடிவமைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்.

கேள்வி: புதுத் துணியைப் பழசாகக் காட்ட நாலைந்து முறை துவைத்தால் போதாதா?

துவைத்தால் துணி முழுக்க ஒரே சீராக வெளுக்கும். உடுத்திப் பழசான துணி அப்படி இருக்காது. காலர் மடிப்பு, முழங்கை, பாக்கெட் ஓரம் என்று உரசும் இடங்கள்தான் முதலில் தேயும். அங்கே மட்டும் உப்புத்தாள் போடுவோம். பாக்கெட் தொய்ந்து தெரிய, சட்டையை நனைத்துக் கூழாங்கல் போட்டுத் தொங்கவிடுவோம். ஆரம்பத்தில் ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் ஒரே அளவு தேய்த்துவைத்திருந்தேன். "எனக்கு வலக்கைப் பழக்கம், இடது கை ஏன் இவ்வளவு தேய்ந்திருக்கு?" என்று நடிகரே கேட்டுவிட்டார். மானம் போயிற்று.

கேள்வி: வெள்ளைச் சட்டையை டீயில் முக்குவது உண்மையா?

உண்மைதான். தூய வெள்ளை விளக்கொளியில் கூசும். பார்ப்பவர் கண் முகத்தை விட்டுச் சட்டைக்குப் போய்விடும். டீத்தண்ணீரில் முக்கி எடுத்தால் கூச்சம் அடங்கும், திரையில் வெள்ளையாகவே தெரியும். அப்புறம், பொடிக் கோடு போட்ட துணியும் வேண்டாம். டிஜிட்டல் கேமராவில் அலை அலையாக நெளியும்.

கேள்வி: மேடையில் அரை நிமிடத்தில் எப்படி உடை மாற்றுகிறார்கள்?

வெளியே தெரியும் பட்டன் பெரும்பாலும் சும்மா. பூட்டுவது அடியில் இருக்கும் பிரஸ் பட்டன். வெல்க்ரோவும் உண்டு, ஆனால் அமைதியான காட்சியில் அது பிரியும் சத்தம் ஊரையே கூட்டும். சில சமயம் நடிகர் அடுத்த உடையை உள்ளேயே போட்டிருப்பார். பேண்ட்டைத் தரையில் இரண்டு வளையமாகச் சுருட்டி வைத்திருப்போம். நடிகர் ஓடிவந்து அதற்குள் கால் வைத்ததும் இருவர் மேலே இழுத்துவிடுவோம்.

கேள்வி: சினிமாவில் ஒரே சட்டையை எத்தனை தைப்பீர்கள்?

கதையைப் பொறுத்தது. மழை, ரத்தம் இருந்தால் ஒவ்வொரு டேக்குக்கும் சுத்தமான சட்டை வேண்டும். டூப்புக்குத் தனி; அடிபடாமல் இருக்க உள்ளே பேட் (மெத்தைப் பட்டை) கட்டுவதால் சற்றுத் தொளதொளவென்று தைக்க வேண்டும்.

கேள்வி: கறுப்பு வெள்ளைக் காலத்தில் நிறக் கவலையே இருந்திருக்காதே?

கவலை அதிகம். சிவப்புப் புடவையும் பச்சைத் திரைச்சீலையும் ஒரே சாம்பலாக விழுந்தால் நாயகியே காணாமல் போய்விடுவார். பட்டா, கம்பளியா, எது ஒளியை எப்படி வாங்கும் என்று பார்த்துத்தான் துணி எடுக்க வேண்டும். 1949 விழாவில் உடை வடிவமைப்புக்கு முதன்முதலாக ஆஸ்கர் கொடுத்தபோதே கறுப்பு வெள்ளைக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று என்று பிரித்துத்தான் கொடுத்தார்கள்.

கேள்வி: எனக்குப் படம் வரைய வராது. இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக. தையல் மட்டும் கற்றுக்கொண்டு வாருங்கள்.