திருட்டைக் காட்டும் கேமராப் படத்தைத் தோட்டத்து வாட்சப் குழுவில் போட்டால் அட்மினுக்குச் சிக்கலா?

கேள்வி இதுதான்: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டக் குடியிருப்பு ஒன்றின் வாட்சப் குழுவில், மளிகைக் கடையில் திருடியதாக 14 வயதுப் பையனின் கண்காணிப்பு கேமராப் படம் வந்திருக்கிறது. போட்டவர் வேறொருவர். அட்மின் பொறுப்பாவாரா?

ஆகலாம். மலேசியாவின் 1950 சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, பதிவில் நிர்வாகியாகப் பெயர் காணப்படுபவரே அதை வெளியிட்டவர் என அனுமானிக்கிறது. இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு. வாசகர் கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தபோதும் இந்தப் பிரிவுதான் பேசியது.

பையன் 18-க்குக் கீழ் என்பதுதான் பெரிய விஷயம். குற்றத்தில் தொடர்புடைய சிறாரின் படத்தை மின்னூடகத்தில் பரப்புவதை 2001 சிறார் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தடுக்கிறது. தண்டனை 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கண்ணை மட்டும் மறைத்தால் போதாது. பள்ளிச் சட்டையின் சின்னம், மோட்டார் நம்பர், பின்னால் தெரியும் லயத்து வீட்டு எண், இவற்றில் ஒன்று போதும், தோட்டத்தில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

முதலில் அனுப்பியவர் பெயர், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அட்மின் உரிமையில் எல்லாருக்குமாக அழியுங்கள்; யாரும் பகிர வேண்டாமென எழுதுங்கள். கடைக்காரர் அசல் பதிவைப் பென்டிரைவில் போட்டு போலீஸில் புகார் கொடுக்கட்டும். தள்ளிப்போட்டால் கேமராவின் ரெக்கார்டர் பழையதன் மேலேயே பதிந்துவிடும்.